நேரத்தைக் கற்றுக்கொடுப்பவரை எழுப்பிவிடும் வேலை

முதல் கிளையன்ட்

ஆன்லைன் வகுப்புக்குள் ஆட்கள் ஒவ்வொருவராக வந்துகொண்டிருந்தார்கள். தலைப்பு, 'நேரத்தை வெல்வது எப்படி'. நடத்த வேண்டிய சார் போனை எடுக்கவில்லை. அவர் பெங்களூரில் இருந்தார். நான் தருமபுரிப் பக்கம் மாரண்டஹள்ளியில், ஒரு தக்காளி மண்டிக்கு மேல்மாடியில் இருந்தேன். வெளியூர்க்காரர்களின் அலுவல்களை ஆன்லைனில் கவனித்துக்கொடுக்கும் விர்ச்சுவல் அசிஸ்டென்டாக எனக்கு அது முதல் வாரம். இருந்த ஒரே கிளையன்ட் அவர்தான்.

அதற்குமுன் ஓசூரில் ஒரு கம்பெனியில் கஸ்டமர் கேரில் இருந்தேன். குழந்தை பிறந்தபின் தினமும் பஸ்ஸில் போய்வர முடியவில்லை. வீட்டிலிருந்தே தொழில் தொடங்கினேன். முதலீடு, நாத்தனார் கழித்துப்போட்ட லேப்டாப். அதன் பேட்டரி செத்துப்போயிருந்தது, கரன்ட் போனால் லேப்டாப்பும் அணைந்துவிடும். இன்டர்நெட்டுக்கு போன் ஹாட்ஸ்பாட். ஆபீஸ் டேபிள், துணி அயர்ன் செய்யும் மேசை.

நான் பதறுவதைப் பார்த்து மாமியார் கேட்டார்.

"யாருக்கும்மா இத்தன போனு?"

"பெங்களூர் சாருக்கு மாமி. எடுக்க மாட்டேங்கறாரு."

"ஏன், அவரு வூட்ல வேற ஆளே இல்லயா?"

அவசரத்துக்கென்று சார் கொடுத்திருந்த அவர் மனைவியின் எண் அப்போதுதான் ஞாபகம் வந்து, அழைத்தேன்.

"தூங்கறாரும்மா. எழுப்பினா கோவிச்சுக்குவாரு" என்றார் அந்த அம்மா.

"நான் எழுப்பச் சொன்னேன்னு சொல்லுங்க மேடம். எல்லாரும் காத்துக்கிட்டு இருக்காங்க."

சற்று நேரத்தில் தலையில் தண்ணீர் சொட்ட சார் திரையில் தோன்றினார். "நான் அலாரமே வெச்சுக்கறதில்ல. ஒழுக்கம்தான் என் அலாரம்" என்று தொடங்கினார். கீழே ஏலச் சத்தம் கேட்கக்கூடாதென்று என் மைக்கை ஏற்கெனவே அணைத்திருந்தேன். சிரிப்புக்கும் அது உதவியது.

அதற்குப்பின் பல மாதங்கள் அவரை எழுப்பினேன்.

என் இடத்துக்கு வந்த ஆப்

ஒருநாள் சார் சொன்னார்: "பர்வீன், தப்பா நெனச்சுக்காதீங்க. ஏஐ ஆப் ஒண்ணு வாங்கிட்டேன். எல்லா மெசேஜுக்கும் அதுவே பதில் போட்டுடுது."

"சரிங்க சார்" என்றேன். பிசினஸ் நடத்துவதாக ஊரெல்லாம் சொல்லியிருந்தேன். லேப்டாப்பை மூடியதும் துணிக்குவியலோடு மாமியார் வந்தார். "மேச காலியா?"

அழுகையை அடக்கிக்கொண்டு அயர்ன் செய்தேன்.

கொஞ்ச நாளில் சார் மறுபடி அழைத்தார். கோயம்புத்தூரிலிருந்து வகுப்புக்கு வரும் ஒரு பெண், "அப்பா தவறிட்டாங்க, இந்த வாரம் வர முடியாது" என்று செய்தி போட்டிருக்கிறார். ஆப் பதில் அனுப்பியிருக்கிறது: 'அருமை! முன்கூட்டியே திட்டமிட்டதற்கு வாழ்த்துகள்!' கைதட்டும் பொம்மை வேறு.

"நீங்க கொஞ்சம் பேசி சரி பண்ணிடுங்க. எனக்கு நேரமே இல்ல" என்றார்.

துக்க வீட்டில் உட்கார்ந்து அந்தப் பெண் இதைப் படித்ததை நினைத்தேன்.

"பேசறேன் சார். ஆனா நீங்களும் லைன்ல இருக்கணும். மன்னிப்பு நீங்கதான் கேக்கணும்."

சாரும் லைனில் சேர்ந்துகொண்டார். அந்தப் பெண் போனை எடுத்ததும், "ஆக்சுவலி, சாஃப்ட்வேர்ல ஒரு..." என்று ஆரம்பித்தார்.

"சார், மன்னிச்சிருங்கன்னு மட்டும் சொல்லுங்க" என்றேன்.

சொன்னார்.

"யாராச்சும் மனுசங்க பேசுவீங்களான்னுதான் பாத்துட்டு இருந்தனுங்க" என்றார் அந்தப் பெண். அப்பாவைப் பற்றிக் கேட்டேன். பேக்கரி வைத்திருந்தாராம். நிறையப் பேசினார். கேட்டுக்கொண்டிருந்தேன். சாரும் இருந்தார், அவருக்கு எங்கிருந்தோ நேரம் கிடைத்திருந்தது.

மறுநாளே என்னைத் திரும்ப வேலைக்கு அழைத்தார். பேக்கரியை எடுத்து நடத்தத் தொடங்கிய அந்தப் பெண்ணும் பிறகு ஆர்டர்களைக் கவனிக்க என்னைக் கேட்டார். கிளையன்ட் இரண்டானது.

இந்தத் தொழிலுக்கு வருகிறவர்கள் எந்த ஆப்பைப் படிக்கலாம் என்று கேட்கிறார்கள். எல்லாவற்றையும் படியுங்கள். ஆனால் பதில் போடுமுன், வந்த செய்தியைக் கடைசி வரி வரை படியுங்கள். நமக்குச் சம்பளம் அதற்குத்தான். எந்த கிளையன்டும் அதை வேலை விவரத்தில் எழுதியதில்லை.