நூற்றறுபது ஏக்கருக்கு மூலப்பத்திரம்

அன்றைக்கு அந்த வீட்டில் இருந்தவர்கள் நான்கு பேர். எங்கள் சிமெண்ட் கம்பெனியின் சூளைப் பிரிவு இன்ஜினியர் டேல், அவருடைய மனைவி, சுவரில் துளை போட வந்த எலெக்ட்ரீஷியன் ஜெரோம், படத்தை வண்டியில் கொண்டுவந்த டிரைவராகிய நான். படத்துக்குள் இருந்தவரையும் சேர்த்தால் ஐந்து. தாடி வைத்த வெள்ளைக்காரர், கையில் தொப்பி, பின்னால் புல்லும் மண்ணுமாக வெட்டி அடுக்கிய ஒரு வீடு. டேலுடைய தாத்தாவுக்குத் தாத்தா அவர். அமெரிக்காவில் நெப்ராஸ்காவில் செத்துப்போன மனிதருக்கு, வளைகுடாவின் ராஸ் அல் கைமாவில் கம்பெனி வாடகைக்குப் பிடித்துக் கொடுத்த வீட்டில் ஆணி அடித்துக்கொண்டிருந்தோம். நம் ஊரென்றால் படத்துக்கு மாலை போட்டிருப்போம். இவர்கள் அதன் கீழே, அவர் மாட்டுவண்டியில் வந்த வழியை வரைபடமாக மாட்டச் சொன்னார்கள்.

லீவில் ஊருக்குப் போனால் எங்களுக்குக் கல்யாணம், காதுகுத்து, ஆஸ்பத்திரி. டேல் லீவில் கல்லறை கல்லறையாகப் போயிருக்கிறார். தேவாலயப் பதிவேடு, பழைய நிலப்பத்திரம் எல்லாம் நகல் எடுத்து வைத்திருந்தார். அந்த மாட்டுவண்டி வந்த வழியில் காய்ச்சலில் செத்த பெண்குழந்தையின் பெயர்கூட அவருக்குத் தெரிகிறது. என் அப்பாவோடு பிறந்து செத்தவர்கள் எத்தனை பேர் என்றே எனக்குத் தெரியாது. தாத்தா பெயருக்கு மேலே கேட்டால் எங்கள் வீட்டில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள். எனக்கு வயிறு எரிந்தது. மறைக்க என்ன இருக்கிறது?

டேல் சொல்வதை ஜெரோம் தமிழாக்கிச் சொன்னான். குமரிக் கடற்கரைக்காரன், பாதி கேலி அவன் சேர்ப்பது.

“அஞ்சு வருசம் அங்கேயே குடியிருந்து வெதைச்சாப் போதுமாம் ஓய். கவர்மெண்டு நெலத்த அவருக்கே எழுதிக் குடுத்துருமாம்.”

“எவ்வளவு?”

“நூத்தறுபது ஏக்கர்.”

“என்ன வெலை?”

“வெலை ஏது? எழுத்துக்கூலி மட்டும்தானாம்.”

நான் இங்கே வந்து பத்தொன்பது வருடம். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை விசா புதுப்பிக்க வேண்டும். தேதி நெருங்கினால் சோறு இறங்காது, மேனேஜர் சிரித்தாலும் பயம், சிரிக்காவிட்டாலும் பயம். ஐந்து வருடம் இருந்ததற்கு அவருக்கு நூற்றறுபது ஏக்கர். தொழிலாளர் கேம்ப்பில் நான் படுக்கிற கட்டில்கூடக் கம்பெனியுடையது. இந்த நேரத்தில் டேல் என் தோளைத் தட்டி, “அவரும் உன்னை மாதிரிதான், பிழைக்கப் போனவர்” என்றார். அந்த அளவு இங்கிலீஷ் எனக்கே புரியும்.

“கேட்டீரா? நீரும் அவரும் ஒண்ணாம். ஷேக்குக்கு மனு போடும்” என்றான் ஜெரோம்.

சிரிப்பு வரவில்லை. அப்போது என் மண்டை முழுக்க ஊரில் ஐந்து சென்ட் மனை ஓடிக்கொண்டிருந்தது. விசா முடிந்து போனால் இறங்க ஒரு இடம் வேண்டுமே என்று அட்வான்ஸ் கொடுத்திருந்தேன். மூலப்பத்திரத்தைக் கேட்டால், இன்று தருகிறேன், நாளை தருகிறேன் என்று இழுத்துக்கொண்டிருந்தார் விற்பவர். எட்டாவதோடு நின்றவன்தான் நான், ஆனாலும் அந்தப் பயம் படித்தவனுக்கும் உண்டு. வாய் தானாகக் கேட்டுவிட்டது.

“மூலப்பத்திரம் யார் பேர்ல இருந்துச்சுன்னு கேளுப்பா.”

“அமெரிக்காக்காரன்ட்ட வில்லங்கமா பாக்கீரு?”

“கேளு. கவர்மெண்டு குடுத்துச்சுங்குறாரு. கவர்மெண்டுக்கு யாரு குடுத்தா?”

கேட்டான். “யாருமில்லை, காலி நிலம்” என்றார் டேல். ஏணியைப் பிடித்திருந்த அவர் மனைவி மெதுவாக ஏதோ சொன்னாள். டேல் படத்தைப் பார்த்தபடியே சுருக்கமாகப் பேசினார்.

“பழங்குடி ஆளு இருந்துருக்கு ஓய்” என்றான் ஜெரோம். இப்போது அவன் கேலி செய்யவில்லை. “வேற எங்கயோ கொண்டு விட்டுட்டாவளாம். அவுங்க பேரொண்ணும் இவரு தேடலியாம்.”

ஒரு நிமிடம் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அடுத்த நிமிடமே அதுவும் பொறாமையாகிவிட்டது. நிலத்தைக் கொடுத்தோம் என்று கையெழுத்துப் போடாதவர்கள் இத்தனை பேர் இருந்தும், நான்கு தலைமுறை அந்த மண்ணில் நிம்மதியாகத் தூங்கியிருக்கிறதே!

கேம்ப்புக்கு வந்ததும் ஊருக்குப் போன் போட்டேன். மனை விவகாரத்தை என் மனைவியின் தம்பிதான் பார்க்கிறான்.

“மாப்ள, மூலப்பத்திரம் என்னாச்சு? மறைக்காமச் சொல்லு.”

“அது விக்கிறவரு அப்பா பேர்ல கெடக்கு மச்சான். கூடப்பொறந்த தங்கச்சி ஒண்ணு கையெழுத்துப் போடணும். அது ஊர்லயே இல்ல. நீங்க மிச்சத்த அனுப்புங்க, முடிச்சுருவோம்.”

“எங்க இருக்கு அந்தப் புள்ள?”

“குவைத்துல, வீட்டு வேலைக்குப் போயி ஏழெட்டு வருசம் ஆச்சு.”

“அதுக்கிட்டச் சொல்லியாச்சா?”

“எதுக்குச் சொல்லணும்? ஆளில்லாத பங்குதானே மச்சான்.”

எனக்கும் ஊரில் அண்ணன் தம்பிகள் இருக்கிறார்கள். நானும் அங்கே இல்லாத ஆள்தான்.

“அந்தப் புள்ள வந்து போடட்டும். அதுவரைக்கும் அனுப்ப மாட்டேன்.”

“வேற ஆளு ரெடியா நிக்கிறான். அட்வான்சும் போயிரும். அப்பறம் வந்து எங்க எறங்குவீங்க?”

குவைத்தில் ஒரு வீட்டுச் சமையலறையில் நிற்கிற, முகம் தெரியாத அந்தப் பெண்ணுக்கு லீவு கிடைக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன். அதற்குள் என் விசா முடிந்துவிடக் கூடாது என்றும் வேண்டிக்கொள்கிறேன். மனைக்கு நான் தர வேண்டிய பாக்கி நான்கு லட்சத்து இருபதாயிரம் ரூபாயை இன்னும் அனுப்பவில்லை.