இரண்டு கையும் விலாவுக்குக் கீழே

"ஏட்டி, இருமுறதுக்குக் கூடவா படிச்சிட்டு வருவாவ?" என்று கேட்டவர் பெரியப்பா. அப்போது அண்ணனின் விலாவுக்குக் கீழே என் இரண்டு கைகளும் இருந்தன. அந்த வேலையின்போது நான் பேசுவதில்லை.

அண்ணனுக்குத் தசை கரையும் நோய். பத்து வயதில் நடை நின்றது. இருபதில் இருமல் நின்றது. இருமல் நின்றால் நல்லதுதானே என்று தெருவில் சொன்னார்கள். சளியை வெளியே தள்ள நெஞ்சிலும் வயிற்றிலும் பலம் வேண்டும். அவனுக்கு அது போய்விட்டது. சளி தங்கினால் நிமோனியா வரும், அடுத்த தடவை பிழைப்பது கஷ்டம் என்றார்கள் மதுரை ஆஸ்பத்திரியில்.

அங்கே பிசியோதெரபி பார்க்கும் அம்மா ஒருவர் ஒரே காலையில் எனக்கு இதைச் சொல்லிக்கொடுத்தார். எங்கள் குடும்பத்தில் பத்தாம் வகுப்பைத் தாண்டியவள் நான் மட்டும்தான். அதனால் ஆஸ்பத்திரி என்றால் நான்தான் போவேன். நோட்டில் எழுதிக்கொண்டேன். சுவரில் சாய்த்து உட்கார வைக்கவேண்டும். அவன் ஒரு மூச்சை இழுத்து, அதை விடாமல் அதன்மேல் இன்னொன்று, அதன்மேல் இன்னொன்று என்று இழுக்கவேண்டும். நெஞ்சு நிறைந்ததும் இருமப் பார்ப்பான். அந்த நொடியில் இரண்டு கைகளாலும் உள்ளேயும் மேலேயுமாக ஒரே தள்ளு. சாப்பிட்ட உடனே செய்யக்கூடாது. நெஞ்சு நிறைந்தால் பேச முடியாது என்பதால் அவன் கண்ணை மூடுவான். அதுதான் எங்கள் அடையாளம்.

இரண்டு வருஷம் காலையும் மாலையும் நான்தான் செய்தேன். நன்றாகவே செய்தேன்.

ப்ளஸ் டூ முடித்ததும் திருநெல்வேலியில் ஆசிரியர் பயிற்சிக்கு இடம் கிடைத்தது. ஹாஸ்டலில் தங்கவேண்டும். யாரிடமும் கேட்காமல், சேர்கிறேன் என்று பதில் எழுதித் தபாலில் போட்டுவிட்டு வந்துதான் வீட்டில் சொன்னேன். அம்மா தீப்பெட்டி ஆபீஸ் வேனில் விடியும் முன்பே போய்விடுவாள். ஒருமுறை அவள் தள்ளி, அண்ணன் வலியில் முனகியதிலிருந்து அவன் விலாப்பக்கம் கை கொண்டுபோவதே இல்லை. மிச்சம் இருந்தது அப்பா. நாங்கள் அய்யா என்றுதான் கூப்பிடுவோம். நாற்பது ஆடுகளை மேய்க்கிறவர். கைநாட்டு. அவருக்குச் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தேன்.

அய்யா கையை வைத்ததும் தப்பு தெரிந்தது. புது மழைக்கு முளைத்த பச்சையை மேய்ந்தால் ஆட்டுக்கு வயிறு உப்பும். இடது பக்கம் கையை வைத்து, மெதுவாக, விடாமல் அமுக்கிக் காற்றை வெளியேற்றுவார்கள். அய்யா அதையே செய்தார். இடது பக்கம் மட்டும். மெதுவாக.

"யய்யா, எனக்கு வயிறு உப்பல," என்றான் அண்ணன். "இன்னும் ரெண்டு அமுக்கு அமுக்குனீயன்னா எந்திரிச்சு மேயப் போயிருவேன்."

"போனாத்தான் நல்லதாச்சேலே," என்றார் அய்யா.

"ரெண்டு கையும் வைக்கணும். மெதுவா இல்ல, வெடுக்குன்னு," என்றேன்.

"விலா முறிஞ்சிரும் தாயி."

"முறியாது."

ஒரு வாரம் முழுக்க அவர் கை இடது பக்கமே போனது. முப்பது வருஷப் பழக்கம். ஒவ்வொரு தடவையும் நான் நடுவில் புகுந்து முடித்துவைத்தேன். நான் புகுவேன் என்று அவருக்கும் தெரிந்திருந்தது.

நான் கிளம்ப மூன்று நாள் இருக்கையில் அண்ணனுக்குக் காய்ச்சல். மழை பெய்து கரிசலில் கால் வைக்க முடியாத நேரம். அய்யா ஆடுகளைப் பத்திவிடவில்லை. மத்தியானம் அண்ணன் நெஞ்சில் கறகறவென்று சத்தம் கேட்டது. உதடு நிறம் மாறியது. அவன் என்னைப் பார்த்தான். அய்யாவும் என்னைப் பார்த்தார்.

நான் கதவோரம் நின்றேன். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

"வா தாயி," என்றார் அய்யா.

"நீங்க செய்யுங்க. நான் திங்கக்கிழமை இங்கன இருக்க மாட்டேன்."

முதல் தடவை இடது பக்கம் அமுக்கினார். ஒன்றும் வரவில்லை. இரண்டாம் தடவை இரண்டு கைகளும் வைத்தார், கண் மூடுவதற்கு முன்பே தள்ளிவிட்டார். இழுத்த மூச்சும் போயிற்று. எனக்குப் பயமாக இருந்ததா என்று பிறகு பல தடவை யோசித்திருக்கிறேன். இல்லை. அடுப்பில் உலை கொதித்துக்கொண்டிருந்தது, மூடியைக் கொஞ்சம் நகர்த்தவேண்டும் என்று நினைத்தேன். அவ்வளவுதான்.

"அவன் கண்ணப் பாருங்க. கையப் பாக்காதீங்க."

அண்ணன் ஒரு மூச்சு இழுத்தான். அதன்மேல் இன்னொன்று. மூன்றாவது பாதிதான் போனது. கண்ணை மூடினான். அய்யா தள்ளினார்.

சளி கட்டியாக வந்து விழுந்தது. அய்யா அதைத் தன் துண்டில் துடைத்தெடுத்தார். இன்னும் நான்கு தடவை செய்தார்கள். உதட்டில் நிறம் திரும்பியது. பேச்சு வந்ததும் அண்ணன், "வாத்திச்சி ரொம்பக் கண்டிசன்," என்றான். அய்யா சிரிக்கவில்லை. என்னைப் பார்க்கவும் இல்லை. வெளியே போய் ஆடுகளுக்குக் குழை வெட்டிப் போட்டார். நான் போய் உலை மூடியை நகர்த்தினேன்.

அடுத்த இரண்டு நாளும் அய்யாதான் செய்தார். நான் பக்கத்தில்கூட நிற்கவில்லை. காய்ச்சல் இறங்கியது. என்னோடு அவர் அதிகம் பேசவில்லை. நான் செய்தது சரியா என்று யாரிடமும் கேட்டதில்லை. இப்போதும் கேட்கப் போவதில்லை.

திங்கட்கிழமை டவுன் பஸ்ஸில் கோவில்பட்டி போய் ரயிலேறினேன். மத்தியானத்துக்குள் ஹாஸ்டலில் பெயரைப் பதிந்து, கட்டில் எண் வாங்கி, பெட்டியை அதன் அடியில் தள்ளியாயிற்று.