ஒரு சாண் உயர்ந்த மேசை

என் தங்கை ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் ஆபரேஷன் அரங்கில், மயக்க மருந்துப் பிரிவில் டெக்னீஷியனாகப் பதினோரு வருடம் வேலை பார்த்தாள். நான் எட்டாம் வகுப்போடு கரண்டி பிடித்த கொத்தன். எங்கள் வீட்டிலிருந்து சட்டையில் பெயர் அட்டை குத்திக்கொண்டு வேலைக்குப் போன முதல் ஆள் அவள்தான். அதைச் சொல்ல எனக்குக் கூச்சமில்லை.

பெரிய ஆபரேஷன் என்றால் நோயாளியின் மணிக்கட்டு ரத்தக்குழாய்க்குள் மெல்லிய குழாய் ஒன்றைச் செருகுவார்கள். அதிலிருந்து உப்புநீர் நிறைந்த டியூப் ஒன்று பக்கத்துக் கம்பத்தில் மாட்டிய சென்சாருக்குப் போகும். ஒவ்வொரு துடிப்பின் அழுத்தமும் திரையில் தெரியும். சென்சார் இதயத்தின் மட்டத்தில் இருக்க வேண்டும். தாழ்ந்திருந்தால் திரை கூட்டிச் சொல்லும், உயர்ந்திருந்தால் குறைத்துச் சொல்லும்.

"நீ டியூப்ல தண்ணி பிடிச்சு மட்டம் பாக்குறல்ல, அதேதாண்ணே" என்றாள்.

என் சின்ன ரசமட்டத்தைக் கழுவிக் கொடுத்தேன். மற்றவர்கள் கண்ணால் பார்த்து வைப்பதை அவள் ரசமட்டம் பிடித்து வைத்தாள். அரங்கில் அவளுக்குக் 'கொத்தனாரம்மா' என்று பெயர் விழுந்தது. சென்சாரை மேசை விளிம்பிலேயே மாட்டினால் மேசையோடு சேர்ந்து ஏறி இறங்குமே என்று ஒருமுறை எழுதிக்கூடக் கொடுத்தாள். "உங்க வேலையப் பாருங்க" என்று மயக்க டாக்டர் தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

அன்று படுத்திருந்தவர் ஒரு பஸ் டிரைவர், பழைய ரத்தக்கொதிப்புக்காரர். ரசமட்டத்தைப் பார்த்து, "என்னம்மா, எம்மேல மாடி கட்டப் போறியா?" என்று கேட்டார். அவள் சிரித்தாள்.

வயிற்றைத் திறந்து அரை மணி நேரத்தில், உயரமான சர்ஜன் தனக்கு வசதியாக மேசையை ஒரு சாண் உயர்த்தச் சொன்னார். சென்சார் கம்பத்தில் இருந்த இடத்திலேயே நின்றது. என் தங்கை போய் அதையும் ஒரு சாண் ஏற்றினாள். திரையில் 98 என்றிருந்தது 82 ஆனது. அலாரம் அலறியது.

"எதத் தொட்டீங்க?" என்றார் மயக்க டாக்டர்.

"மட்டம் மாறிடுச்சு சார். இதுதான் சரியான பிரஷர்."

"இவ்ளோ நேரம் நல்லாத்தானே இருந்துச்சு? பழையபடி வைங்க."

"கையில பிரஷர் பட்டை கட்டி ஒரு தடவ பாத்துடலாமா சார்?"

"கொத்தனாரம்மா, இது சுவர் இல்ல, மனுஷன். இறக்குங்க!"

எல்லோரும் சிரித்தார்கள். அவள் இறக்கினாள். திரை மறுபடி 98 காட்டியது. அலாரம் ஓய்ந்தது. இரண்டரை மணி நேரம் அந்தப் பொய் எண்ணை நம்பி ஆபரேஷன் நடந்தது. உள்ளே இருந்த குறைந்த அழுத்தம் கொதிப்புக்காரரின் மூளைக்குப் போதவில்லை.

டிரைவர் கண் விழித்தபோது மனைவியை அடையாளம் தெரியவில்லை. வலது கை எழவே இல்லை.

விசாரணையில் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். மட்டம் வைப்பது யார் பொறுப்பு என்று கேட்டார்கள். என்னுடையது என்றாள். கடைசியாக இறக்கி வைத்தது யார் கை? என் கை என்றாள். இறக்கச் சொன்னதாக மயக்க டாக்டருக்கு நினைவில்லை. அன்று சிரித்தவர்கள் எவருக்கும் நினைவில்லை. மாலைக்குள் பெயர் அட்டையைக் கழற்றி வாங்கிக்கொண்டார்கள்.

வீட்டுக்கு வந்தவளிடம் நான் ஆறுதல் சொல்லவில்லை. "சரின்னு தெரிஞ்சும் ஏன் இறக்கின?" என்று கேட்டேன்.

"எல்லாரும் சிரிச்சாங்கண்ணே."

"எவன் சிரிச்சாலும் நான் சுவரச் சாய்ச்சுக் கட்டுனதில்ல."

மறுநாள் காலையில் என் சாமான் பையில் ரசமட்டம் இருந்தது, துடைத்து, அரங்கின் பச்சைத் துணியில் சுற்றி.

அந்த அரங்கில் இப்போது சென்சாரை மேசை விளிம்பில்தான் மாட்டுகிறார்கள். மயக்க டாக்டரின் யோசனையாம், பாராட்டினார்களாம். துணிக்கடையில் நாள் முழுதும் நின்றுவிட்டு வருகிறவளிடம் இதை நான் சொல்லவில்லை. அவளும் என்னை அண்ணே என்று கூப்பிட்டு மூன்று வருடமாகிறது.