சீலிங்கில் கிளிஞ்சல்

வீட்டைச் சோதிக்க என்ஜினீயர் வருகிறார் என்றதும் நான் செய்த முதல் வேலை ஒட்டடை அடித்தது. பெண் பார்க்க வருகிறவர்களுக்குச் செய்வதுபோல. அவர் பார்க்கப்போவது தூணையும் கம்பியையும், தூசியை அல்ல என்று தெரியும். ஆனாலும் மனசு கேட்கவில்லை.

ஏற்பாடு என் மகளுடையது. அவளுக்கு மெயின்லேண்டில், சென்னையில் வேலை. அவள் அப்பா போன பிறகு இங்கே தீவில், ஜங்லிகாட்டில், இந்தப் பழைய வீட்டில் நான் தனியாகக் கிடப்பது அவளுக்கு ஆகவே ஆகாது. இங்கே நிலம் கொஞ்சம் நடுங்கினால் போதும், போன் வந்துவிடும். சண்டை போட்டுப் போட்டுக் கடைசியில் ஓர் உடன்பாட்டுக்கு வந்தோம். வீடு தாங்கும் என்று என்ஜினீயர் சொன்னால் அவள் வாயை மூடிக்கொள்ள வேண்டும். தாங்காது என்றால் நான் பெட்டியைக் கட்ட வேண்டும்.

வீடு இரண்டு பாதி. பின்பாதி என் மாமனார் கட்டியது. படாக் மரத் தூண், பலகைச் சுவர், தகரக் கூரை. முன்பாதி என் வீட்டுக்காரர் கட்டிய கான்கிரீட் அறை. அவர் தீவுக்குத் தீவு போகும் கப்பலில் வேலை பார்த்தவர். கட்சால் தீவுப் பக்கம் போனால் எப்போது திரும்புவார் என்று சொல்லவே முடியாது. பின்னறையில் படுத்துக்கொண்டு கப்பல் சங்கு ஊதுகிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு கிடப்பேன். இப்போதும் ஊதுகிறது. இப்போதும் எழுந்து உட்கார்ந்துவிடுகிறேன், என்ன செய்ய.

எனக்குப் பயமெல்லாம் அந்த மரப் பாதியைப் பற்றித்தான். நடந்தால் பலகை முனகும், மழையென்றால் ஒழுகும். என்ஜினீயர் ஒரு பெங்காலி, என் மகள் வயசுதான் இருக்கும். ஒவ்வொரு தூணிலும் ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பார்த்தார். இறங்கவே இல்லை. கரையான் தொடாத மரம், இன்றைக்குத் தேடினாலும் கிடைக்காது என்றார் இந்தியில். சில தகரங்களை மாற்றினால் போதுமாம். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. டீ போட்டுக் கொடுத்து, முன்னறையைப் பார்க்கவே வேண்டாம், அது சிமெண்ட், கல்லு மாதிரி நிற்கும் என்று பெருமை வேறு அடித்துக்கொண்டேன்.

அவர் சிரித்துவிட்டு உள்ளே போனார். கட்டிலுக்கு மேலே சீலிங்கில் பூச்சு உதிர்ந்த இடத்தில் டார்ச் அடித்தார். அங்கே பொடிப்பொடியாகக் கிளிஞ்சல் தெரியும். மகள் சின்னப் பிள்ளையாக இருந்தபோது மல்லாந்து படுத்து அவற்றை எண்ணுவாள். நம்ம வீட்டுக்குள்ளேயே கடற்கரை இருக்கு பாரு என்பார் அவள் அப்பா. அந்த இடத்தைத் திரும்பப் பூச நான் விட்டதே இல்லை.

"ஆன்ட்டி, யே சமுந்தர் கா ரேத் ஹை நா?" என்றார் என்ஜினீயர். கடல் மணல்தானே என்று.

ஆமாம் என்றேன். மறைக்க என்ன இருக்கிறது? அப்போதெல்லாம் எங்களைப் போன்றவர்கள் கடற்கரை மணலில்தான் கட்டினார்கள். ஆற்று மணலுக்கு இந்தத் தீவில் எங்கே போவது? ஆனால் அதற்கு ஒரு முறை உண்டு. மணலைக் கொட்டி ஒரு மழைக்காலம் முழுக்க நனையவிட்டு, உப்பு இறங்கிய பிறகுதான் சிமெண்டில் கலக்க வேண்டும். எங்களுக்கு அந்தப் பொறுமை இல்லை. மகள் வயிற்றில் இருந்தாள். என் வீட்டுக்காரருக்கோ லீவு முடியப்போகிறது. ஒழுகுகிற தகரத்துக்குக் கீழே என் பிள்ளை படுக்கக் கூடாது என்று மனுஷன் ஒற்றைக்காலில் நின்றார். குழாயில் தண்ணீர் வந்தபோதெல்லாம் குடம்குடமாகப் பிடித்து அந்த மணலைக் கழுவினோம். போதும் என்று நினைத்தோம்.

என்ஜினீயர் சுத்தியலால் தட்டினார். பொத்தென்று ஒரு பெரிய சில்லு பெயர்ந்து கட்டிலில் விழுந்தது. உள்ளே கம்பி துருவேறி, ஊறிய மரப்பட்டை மாதிரி உரிந்து கிடந்தது. உப்பு தின்றுவிட்டது, பழுது பார்க்க வழியில்லை, இடித்துவிடுங்கள், அதுவரை இங்கே யாரும் படுக்க வேண்டாம் என்றார். பின்பாதியில் தாராளமாக இருக்கலாமாம்.

ஆக, நான் ஜெயித்துவிட்டேன். அப்படியும் என்ஜினீயர் போனதும் முன்னறை வாசலில் உட்கார்ந்து அழுதேன். பாதி ஆயுசைத் தண்ணீரிலேயே கழித்த மனுஷன் தரையில் விட்டுப்போனது இந்த ஓர் அறை. அவர் பக்கத்தில் இருந்தால் இதற்கும் எதையாவது சொல்லிச் சிரிக்க வைத்திருப்பார். இல்லையே.

சாயங்காலம் மகள் கூப்பிட்டாள். எல்லாவற்றையும் சொன்னேன். அவளுக்காக அவசரப்பட்ட கதையையும். அது அவளுக்குத் தெரியாது. விற்றுவிட்டு வா என்பாள் என்று நான் பதிலைத் தயாராக வைத்திருந்தேன்.

"நான் வர்ற வரைக்கும் இடிக்காதம்மா. ஒரே ஒரு தடவை அந்தக் கட்டில்ல படுத்து மேலே பார்க்கணும்."

"அங்க யாரும் படுக்கக் கூடாதுன்னு சொல்லிட்டுப் போயிருக்காரு," என்றேன். "நீ வா. ரெண்டு பேரும் வாசல்ல உக்காந்து பார்த்துக்கலாம்."