சாப்பாட்டுத் தூக்கோடு போய் எடுத்த ஈ.சி.ஜி.

முதல் முறை அது வந்தபோது ரசம் சாதத்தின் கடைசி வாயை விழுங்கியிருந்தேன். தட்டை எடுக்கக் குனிந்து நிமிர்வதற்குள், தையல் மிஷினை முழு வேகத்தில் விட்டதுபோல் நெஞ்சு ஓட ஆரம்பித்தது. சங்கரன்கோவிலில் வீட்டு முன்னறையில் நைட்டி தைத்துப் பிழைப்பவள் நான். அந்த வேகம் எனக்குத் தெரியும். கொஞ்ச நேரத்தில் சட்டென்று தானாக நின்றது.

“ஏட்டி, அது கேஸுதான்,” என்றாள் மதினி. என் கணவரின் அக்கா; எங்களோடுதான் இருக்கிறாள். கணவரும் கேஸ் என்றார், மருந்துக்கடைக்காரரும் கேஸ் என்றார். அதற்குப் பிறகும் சாப்பிட்டதும் அடிக்கடி வந்தது. இரண்டு வருடம் ஓமத் தண்ணீராகக் குடித்தேன்.

சாப்பிட்டதும் நெஞ்சு ஓடுகிறது என்று சொல்லி இதே பதிலை வாங்கிக்கொண்டிருப்பவர்களுக்காக எழுதுகிறேன். கோபத்தோடுதான் எழுதுகிறேன். ஆற வைத்து எழுத எனக்கு இஷ்டமில்லை.

நாங்கள் வழக்கமாகப் போகும் டாக்டர் பல முறை ஈ.சி.ஜி. (இதயத்தில் ஓடும் மின்சாரத்தைத் தாளில் கோடாக வரைந்து காட்டும் பரிசோதனை) எடுத்தார். எல்லாம் சுத்தமாக இருந்தது. எப்படி இல்லாமல் போகும்? ஆஸ்பத்திரி என்றாலே எங்கள் பக்கம் வெறும் வயிற்றோடுதான் போவோம், ரத்தம் எடுத்தாலும் எடுப்பார்கள் என்று. மழைக்கு ஒழுகும் கூரையை வெயிலில் வந்து பார்த்த கதைதான். சாப்பிட்டுவிட்டு வா என்று சொல்ல அங்கே ஒருவருக்கும் தோன்றவில்லை.

டாக்டர் என் கணவரைப் பார்த்து, “வீட்ல ஏதும் டென்ஷனா?” என்று கேட்டார். நோயாளி நான், கேள்வி அவருக்கு. மாதவிடாய் நிற்கிற வயசு, மனப்பதற்றம் என்று சொல்லித் தூங்குவதற்கு மாத்திரை எழுதிக் கொடுத்தார்.

அடுத்த வெள்ளிக்கிழமை மதினி என்னைக் கோவிலுக்கு அழைத்துப்போய் அம்மன் சன்னதிக்கு எதிரே தரையில் இருக்கும் சக்கரக் குழியில் உட்கார வைத்தாள். மனசு சரியில்லாதவர்களை உட்கார வைக்கும் இடம் அது. அம்மன் மேல் எனக்கு வருத்தமில்லை. ஆனால் என்னிடம் துணி தைக்கக் கொடுக்கிற பெண்கள் பார்த்தும் பார்க்காததுபோல் போனார்கள். மதினி கோவிலில் பிரசாதமாகக் கொடுக்கும் புற்றுமண்ணைக் குழைத்து என் நெஞ்சில் பூசினாள்.

அன்று மதியம் சாப்பிட்டதும் மறுபடி வந்தது. கண் இருட்டி அடுப்படியில் விழுந்தேன். சாவதைவிட, இனி நான் என்ன சொன்னாலும் இந்த வீட்டில் எடுபடாது என்பதுதான் பயமாக இருந்தது. தரையில் கிடந்தபோதுதான் யோசித்தேன். வயிறு நிறைந்தால் வருகிற நோய்க்கு நான் பட்டினி வயிற்றைக் கொண்டுபோய்க் காட்டிக்கொண்டிருந்திருக்கிறேன்.

மறுநாள் சோறு, சாம்பார், அவியல் எல்லாவற்றையும் தூக்கில் போட்டுக்கொண்டு வேறொரு ஆஸ்பத்திரிக்குத் தனியாகப் போனேன். ஈ.சி.ஜி. அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்து பிசைந்து சாப்பிட ஆரம்பித்தேன்.

“இங்கன வச்சிச் சாப்பிடக் கூடாதும்மா,” என்றார் நர்ஸ்.

“சாப்பிட்டாத்தான் எனக்கு சீக்கு வரும். அதைக் காட்டத்தான் வந்திருக்கேன்.”

அன்று வரவில்லை. என் முகத்தில் ஈயாடவில்லை. அதற்கடுத்த நாளும் தூக்கோடு போனேன். கடைசிக் கவளத்தில் வந்தது. கையைக்கூடக் கழுவாமல் உள்ளே போய்ப் படுத்தேன்.

தாளைப் பார்த்ததும் அங்கிருந்த இளம் டாக்டர் எழுந்து வந்துவிட்டார். எஸ்.வி.டி. (இதயத்துக்குள் மின்சாரம் குறுக்கு வழியில் சுற்றிச் சுற்றி ஓடுவதால் வரும் மிகைத் துடிப்பு) என்றார். துடிப்பை அடக்க, ஊசி இல்லாத சிரிஞ்சுக்குள் தம் கட்டி ஊதச் சொன்னார். பிறகு சட்டென்று மல்லாத்திக் காலைத் தூக்கிப் பிடித்தார். படபடப்பு நின்றுவிட்டது. வயிறு முட்டச் சாப்பிடுவது சிலருக்கு இதைத் தூண்டிவிடும் என்றார்.

“இப்படி அடிக்கும்போது யாருமே ஈ.சி.ஜி. எடுத்துப் பாக்கலையாம்மா?”

அந்தக் கேள்விக்குத்தான் அழுதேன்.

வீட்டில் தாளைக் காட்டியபோது கணவர், “டாக்டரே அப்படிச் சொன்னா எனக்கு என்ன தெரியும்?” என்றார்.

“என்கிட்ட கேட்டிருக்கலாம்லா,” என்றேன்.

இப்போது மாத்திரை சாப்பிடுகிறேன். அந்தக் குறுக்கு வழியைக் குழாய் விட்டுச் சுட்டு அடைக்கும் சிகிச்சைக்குத் திருநெல்வேலியில் நாள் குறித்திருக்கிறார்கள்.

முன்பெல்லாம் எல்லாருக்கும் பரிமாறி முடித்து, மிச்சத்தை வீணாக்கக் கூடாதென்று நின்றபடியே வயிறு முட்ட அள்ளிப்போட்டுக்கொள்வேன். இப்போது பசித்ததும் உட்கார்ந்து கொஞ்சமாகச் சாப்பிடுகிறேன். என் பகல் பொழுது என் வயிற்றின்படி நகர்கிறது.

போன வாரம் மதினி வந்து நின்று, “ஆம்பளைக சாப்பிடுறதுக்கு முன்னாடியே...” என்று ஆரம்பித்தாள். வாயிலிருந்ததை நன்றாக மென்று விழுங்கினேன். நெஞ்சில் கை வைத்துப் பார்த்தேன். நிதானமாக அடித்தது. அதன் பிறகுதான் பதில் சொன்னேன்.

“அவங்க பொறுத்துச் சாப்பிடட்டும், மதினி.”