ரேடியோவின் வாயில் பூட்டு

அரசுப் பள்ளி அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருப்பவரை ரேடியோ என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். அணைக்க முடியாத ரேடியோ. எந்த வாத்தியாருக்குச் சர்க்கரை, யார் சம்பளத்தில் எவ்வளவு பிடித்தம், வேலை கேட்டு மனு போட்ட பெண்ணுக்கு ஏன் இன்னும் கல்யாணம் ஆகவில்லை, எல்லாம் மதியச் சாப்பாட்டுக்குள் தெருமுனைக்கு வந்துவிடும். காதைப் பொத்திக்கொண்டு ஓடியவர் யாருமில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டுத்தான் கேட்போம்.

அப்படிப்பட்டவர் ஒரே ஒரு விஷயத்தை மட்டும் வயிற்றுக்குள்ளேயே வைத்திருந்தார். புதிதாக வந்த கணக்கு டீச்சர், வேலையில் சேர்ந்த அன்றே அலுவலகக் கதவைச் சாத்திவிட்டு அவரைக் கும்பிட்டிருக்கிறார்.

"சார், என் விலாசம், ஃபோன் நம்பர் எதுவும் வெளிய போகக்கூடாது. என் வீட்டுக்காரர் தேடிக்கிட்டிருக்காரு. கண்டுபிடிச்சா உயிரோட விடமாட்டாரு."

ரேடியோ சத்தியம் செய்தார். "என்னங்க, வாயே தெறக்கல, பல் வலியா?" என்று வீட்டில் மனைவி தோண்டிப் பார்த்தாள். ஊஹூம், மசியவில்லை.

போன மாதம் ஒருநாள் அலுவலகத்துக்கு ஃபோன் வந்தது. மரியாதையான குரல். டீச்சர் பெயரைச் சொல்லி, "அவங்க எங்க ஸ்கூலுக்கு மனு போட்டிருக்காங்க சார். விலாசத்தைச் சரிபாக்கணும், கொஞ்சம் சொல்றீங்களா?" என்றது.

ரேடியோ நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார். "அந்தம்மா விலாசத்தை யாருக்கும் தரக்கூடாதுன்னு சொல்லியிருக்காங்க. தலைகீழா நின்னாலும் எங்கிட்ட நடக்காது!"

மறுபக்கம் லேசாகச் சிரிப்புக் கேட்டது. "அப்ப அங்கதான் இருக்கா. ரொம்ப நன்றி சார்."

ரேடியோ ஃபோனை அப்படியே போட்டார். செருப்பைக்கூட மாட்டாமல் வகுப்பறைக்கு ஓடினார்.

"விலாசத்தைச் சொல்லலம்மா. சத்தியமா சொல்லல."

"நான் இங்க வேலை பாக்கறேன்னு சொல்லிட்டீங்களா?"

அவர் தலையில் அடித்துக்கொண்டார். டீச்சர் திட்டவில்லை. ஜன்னலை விட்டு நகர்ந்து சுவரோடு ஒட்டிக்கொண்டார். பிள்ளைகள் வாய்ப்பாட்டை நிறுத்திவிட்டு இருவரையும் மாறி மாறிப் பார்த்தன.

தலைமையாசிரியை போலீசுக்குச் சொல்லிவிட்டு, டீச்சரைத் தன் காரின் பின்சீட்டில் படுக்கவைத்துப் பின்வாசல் வழியாகக் கொண்டுபோனார். பள்ளி விடும் நேரத்தில் முன்வாசலில் ஒருத்தன் நின்றான். இஸ்திரி கலையாத சட்டை. போலீஸ் வந்து விசாரித்தது. "கட்டின பொண்டாட்டியப் பாக்க வந்தேன், தப்பா?" என்றான். எச்சரித்து அனுப்பிவிட்டார்கள்.

டீச்சருக்கு வேறெங்கோ மாற்றல் கிடைத்தது. உத்தரவு வந்த உறையை ரேடியோ பிரிக்கவே இல்லை. "மேடம், நீங்களே பிரிச்சு நீங்களே வச்சுக்குங்க. எந்த ஊருன்னு என் காதுல மட்டும் போட்டுடாதீங்க" என்று தலைமையாசிரியை மேசையில் வைத்துவிட்டு வந்தார்.

நேற்றுக் காலை டீக்கடை பெஞ்சில் அந்த இஸ்திரிச் சட்டை அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தது.

"எந்த ஊருக்குப் போனா?"

"தெரியாதுங்க."

"உனக்கா?" அவன் டீயை ஊதினான். "இந்தத் தெருவுல யாரைக் கேட்டாலும், ஸ்கூல் விஷயம் உனக்குத் தெரியாதது ஒண்ணும் கெடையாதுங்கறாங்க. உன் பொண்ணு எந்த வழியா டியூஷனுக்குப் போகுதுன்னுகூடச் சொன்னாங்க. நீ சொல்லித்தான் தெரியுமாம்."

"நெஜமாவே தெரியாதுங்க!"

"யோசிச்சு வை. வரேன்."

டீக்கு அவருக்கும் சேர்த்துக் காசு கொடுத்துவிட்டுப் போனான்.

ரேடியோ நேராகப் போலீஸ் நிலையத்துக்குப் போனார். புகார் எழுதுகிற ஏட்டு நிமிர்ந்து பார்க்காமலே, "உன் விலாசம் சொல்லுய்யா" என்றார். பெஞ்சில் ஏழெட்டுப் பேர் காத்திருந்தார்கள். கதவு திறந்தே கிடந்தது. ரேடியோ ஒவ்வொரு முகமாகப் பார்த்தார்.

"சத்தமாச் சொல்லுய்யா, காது கேக்கல."

"காகிதம் குடுங்க சார்" என்றார் ரேடியோ, உதடு அசைவது தெரியாமல். "எழுதித் தரேன்."