ரிமூவ் போட மறந்ததற்கு அறந்தாங்கி வரை

வேலை சின்னதுதான். அறந்தாங்கியில் ஓர் ஆஸ்பத்திரி. டோக்கன் கவுண்டரின் நெட்வொர்க் ஸ்விட்சுக்குப் போகும் டிரங்க் கேபிளில் பல வி-லேன்கள், அதாவது ஒரே கம்பிக்குள் தனித்தனி நெட்வொர்க்குகள், ஓடுகின்றன. பார்வையாளர் வைஃபைக்கானதை மட்டும் அதிலிருந்து நீக்க வேண்டும்.

புதுக்கோட்டையில் உட்கார்ந்தபடியே கட்டளையைத் தட்டினேன். ‘ரிமூவ்’ என்ற சொல்லை விட்டுவிட்டேன். அது இல்லாவிட்டால் ஸ்விட்ச் அந்த ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதையெல்லாம் வெட்டிவிடும். வெட்டிவிட்டது, நான் இங்கிருந்தே அதற்குள் நுழையும் வழி உட்பட.

உடனே கவுண்டர் செல்வி அக்காவிடமிருந்து போன்.

“தம்பி, வந்தவுக எல்லாரும் போன்ல படம் பாக்குறாக. எனக்குத்தான் டோக்கன் வரல. இந்த ஸ்விட்ச ஆஃப் பண்ணி ஆன் பண்ணட்டா?”

“ஐயோ, எதையும் தொடாதீங்கக்கா. நான் வாரேன்.”

பஸ்ஸில் நின்றுகொண்டே போய் இறங்கினால், டோக்கன் ஜோராக ஓடுகிறது.

“சனம் சத்தம் போட்டுச்சு தம்பி. ஆஃப் பண்ணி ஆன் பண்ணிட்டேன்.”

சரியாகத்தான் செய்திருக்கிறார். நான் சேவ் செய்யாததால் பழைய செட்டிங்கே திரும்பிவிட்டது. இது எனக்கல்லவா தோன்றியிருக்க வேண்டும்!

பல்லைக் கடித்துக்கொண்டு, ரிமூவ் போட்டு, மூன்று முறை சரிபார்த்துவிட்டுக் கிளம்பினேன்.

திரும்பும் பஸ்ஸில் மறுபடியும் அக்கா.

“தம்பி, இப்ப வைஃபை வரலைங்குறாக. ஆஃப் பண்ணி ஆன் பண்ணட்டா?”

வராதுதான், அதை நீக்கத்தானே போனேன். ஆனால் நான் சேவ் செய்தேனா? செய்தேன் என்று யாராவது சொல்லுங்களேன்.